கூட வந்தவள்

கண்ணை மூடிக்கொள்ளுங்கம்மா, நான் வந்து சொல்லும்வரை திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் போய்விட்டாள். சொட்டு மருந்து விழுந்தபோது குளிர்ச்சியாக இருந்தது, அப்புறம் எரிந்தது, இப்போது தொண்டையில் கசக்கிறது. கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. பஞ்சை இமைமேல் வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறேன். அரை மணி நேரம் ஆகுமாம், சில பேருக்கு முக்கால் மணியும் ஆகுமாம். உட்காருவதற்கு முன்னால் பார்த்தேன், இரும்பு நாற்காலிகளில் என்னைப்போல எட்டுப் பத்துப் பேர், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிடுகிற மாதிரி இருந்தார்கள். இடது பக்கத்தில் ருக்குமணி இருக்கிறாள். பார்க்காமலே தெரிகிறது. அவள் மடியில் என் பையும் அவள் பையும் இருக்கின்றன, ரிப்போர்ட் வைத்த பிளாஸ்டிக் கவர் சரசரக்கிறது. அவளுக்குச் சும்மா உட்கார வராது. மருந்து விட்டால் தனியாக அனுப்ப மாட்டோம், கூட யாராவது வரவேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண்ணும் அதைத்தான் கேட்டாள், கூட வந்தவங்க பேர் என்ன, உறவு என்ன. நான் வாயைத் திறக்குமுன் ருக்குமணி சொல்லிவிட்டாள், இவங்க எனக்கு நங்கைங்க என்று. அந்தப் பெண் வேறு ஊராக இருக்கும், அப்படின்னா என்ன உறவு என்று கேட்டாள். எங்கண்ணன் சம்சாரம் என்றாள் ருக்குமணி. கூசாமல் சொன்னாள். அவள் அண்ணன் சென்னியப்பனுக்கும் வசந்தாமணியாகிய எனக்கும் இனி ஒன்றுமில்லை என்று கோர்ட்டில் சீல் வைத்துக் கொடுத்த காகிதம் மூன்று வருஷமாக என் பெட்டியில் இருக்கிறது. அவளும் அதைப் பார்த்திருக்கிறாள். அண்ணன் சம்சாரம் இல்லையென்றால் நங்கையும் இல்லை. அப்புறம் நான் இவளுக்கு யார். பாரத்தில் உறவு என்று இருக்கிற கட்டத்தில் எழுதுகிற மாதிரி ஒரு சொல் வேண்டுமே. தோழி என்று எழுதலாமா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், ஐம்பத்தாறு வயசில் தோழி.

வலது பக்கத்துப் பெரியவர் என் நம்பர் கூப்பிட்டாங்களா என்று யாரையோ கேட்கிறார். இல்லைங்க, கூப்பிட்டாச் சொல்றேன் என்கிறாள் ருக்குமணி. அவருக்கும் இவள்தான் துணை. கண் எரிவது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இமைக்குள்ளே செம்மண் நிறத்தில் என்னவோ மிதக்கிறது, நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. அது டியூப் லைட்டின் நிழலா, இல்லை கண்ணுக்குள்ளேயே இருக்கிற புள்ளியா. கண்ணுக்குள் இருந்தால் என்ன செய்வேன். பதினொரு பீஸ். போன மாதம் நான் பார்த்து அனுப்பிய கட்டிலிருந்து பதினொரு பீஸ் திரும்பி வந்தது, எல்லாம் ஊசி ஓட்டை, வெள்ளைப் பனியனில் வெள்ளை ஓட்டை. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கிற எங்களுக்கு அதுதான் வேலை, எண்ணெய்க் கறை, ஓட்டை, தையல் விட்டுப்போனது எல்லாம் கண்டுபிடித்து, அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைக்க வேண்டும். சூப்பர்வைசர் திட்டவில்லை. அக்கா, கண்ணைக் காட்டிட்டு வந்துருங்க என்று மட்டும் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. வேலையை விட்டு அனுப்பப் போகிறவர்கள்தான் அப்படி மெதுவாகப் பேசுவார்கள். எங்கம்மாவுக்குக் கடைசி நாலு வருஷம் கண் தெரியவில்லை. நரம்பு காய்ந்துவிட்டது என்றார்கள். சுவரைத் தடவிக்கொண்டே நடப்பாள், சுவரில் அவள் கை போகிற உயரத்தில் ஒரு கோடு அழுக்காகவே இருக்கும். எனக்கும் அது வந்தால் சனிக்கிழமைச் சம்பளம் நின்றுவிடும். தபாலாபீஸில் போட்டிருக்கிற பணத்துக்கு மாசம் வருகிற வட்டி வாடகைக்கும் மின்சாரத்துக்கும் சரியாகிவிடுகிறது, சோறும் மருந்தும் பஸ்ஸும் சம்பளத்தில்தான். ஓசூரில் மகள் சுகந்தி இருக்கிறாள், வாம்மா என்றுதான் சொல்வாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், மாமியார், ஒரே படுக்கையறை. அங்கே போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கவா.

அந்தத் தபாலாபீஸ் பணமே ருக்குமணியால் வந்தது. நினைக்கக் கூடாது என்று இல்லை, ஆனாலும் சுற்றி வளைத்துத்தான் அதற்குப் போகிறேன். கோர்ட்டில் கவுன்சலிங் அறை என்று ஒன்று. பச்சை மேசை விரிப்பு, ஜன்னலுக்கு வெளியே ஸ்கூட்டர் நிறுத்துகிற சத்தம். அந்த மேடம் நல்லவர், என் வயதுதான் இருக்கும். வீடு என் பேரில் இருக்கு, நான் சம்பாரிச்சுக் கட்டினது, இவளுக்கு எதுவும் குடுக்க வேண்டியதில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாத குரல், அந்த அம்மாவிடம் எத்தனை தெளிவாகப் பேசுகிறது, நடுவில் ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தது. பேசாமலே இருந்து இருந்து என் வாய் பழகிப்போயிருந்தது. அப்போது கதவோரமாக நின்றிருந்த ருக்குமணி உள்ளே வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, அண்ணனுக்குத் துணையாக வந்தவள் அவள். மேடம், நான் ஒண்ணு சொல்லலாமுங்களா என்று கேட்டாள். அப்புறம் சொன்னாள்:

"அந்த ஊட்டுக்கு அஸ்திவாரம் போட்டது எங்க நங்கையோட பன்னண்டு பவுனுங்க. விக்கறப்ப நானும் கூடப் போயிருந்தேன். எந்தக் கடை, எந்தத் தேதின்னு எனக்குத் தெரியும். எங்கண்ணன் இல்லைன்னு சொன்னா நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

அவர் தலையைத் திருப்பித் தங்கச்சியைப் பார்த்தார். ருக்குமணி முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். பன்னிரண்டு பவுன், அவள் எண்ணி வைத்திருந்திருக்கிறாள். எனக்கே நினைவில்லை, கல்யாணத்துக்குப் போட்டதில் வளையலும் அட்டிகையும் போக மீதி என்று ஏதோ மங்கலாக இருந்தது. அந்த ஒரு பேச்சுக்குப் பிறகு அவர் வாதாடவில்லை. மானஸ்தர்தான், பொய் என்று தங்கச்சி முகத்துக்கு எதிரே சொல்ல அவரால் முடியவில்லை. அதற்கும் நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். அடுத்த மாதமே எனக்குத் தர வேண்டிய தொகையை முடிவு செய்து எழுதினார்கள். கையெழுத்துப் போடுகிற நாளில் அவர் சட்டைப்பையைத் தடவினார், பேனா இல்லை. என் பக்கம் கையை நீட்டி, பேனா என்றார். ஒன்பது வருஷத்தில் என்னிடம் நேராகச் சொன்ன ஒரே சொல். கொடுத்தேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதை நினைத்துச் சிரிப்பு வந்து அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏன் பேசாமல் போனார் என்று கேட்டால் சின்ன விஷயம்தான் சொல்ல வரும். ஆறு தையல் மிஷின் போட்டுப் பவர்டேபிள் நடத்திக்கொண்டிருந்தார், கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். ஒரு கம்பெனி தைத்த கூலியைத் தராமல் ஏமாற்றிவிட்டது. சுகந்தி கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த மிச்ச நகையைக் கேட்டார். நான் தர மாட்டேன் என்றேன். முதல் தடவை கேட்டபோது கொடுத்தவள்தான், வீட்டுக்காகக் கொடுத்தேன், இது பெண்ணுடையது என்றேன். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார், பேசவில்லை. நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மிஷின்களை விற்றுவிட்டு வேறு கம்பெனிக்குக் கட்டிங் மாஸ்டராகப் போனார், பணக்கஷ்டம் தீர்ந்தது, சுகந்தி கல்யாணமும் நல்லபடியாக நடந்தது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. வீட்டில் மகள் இருந்தவரை அவகிட்டச் சொல்லு என்று அவள் மூலம் வரும். மகள் போன பிறகு நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதி வைப்பார், அரிசி தீர்ந்தது, நாளைக்கு வர மாட்டேன், மோட்டார் ரிப்பேர். எழுத்து அழகாக இருக்கும். அடித்தாரா என்றால் இல்லை, குடித்தாரா என்றால் அதுவும் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது இதைத்தான், அடிக்கலை, குடிக்கலை, வேற பொம்பளை இல்லை, அப்புறம் என்ன. அப்புறம் என்ன என்று நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுப்பிடம் பேசினேன், பால் பொங்கி வந்தால் இரு இரு வர்றேன் என்பேன். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. சத்தம் கேட்டு வந்தார், பார்த்தார், வெளியே போனார். ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார், என்னை ஏற்றிவிட்டு டிரைவரிடம் ஆஸ்பத்திரிப் பேரைச் சொல்லிக் காசு கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வலிக்குதாங்கம்மா என்று கேட்டது ஆட்டோக்காரர். பள்ளம் வந்தால் மெதுவாகப் போனார். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து இதோ வந்தாச்சு இதோ வந்தாச்சு என்றார். அவர் பேர் எனக்குத் தெரியாது. அந்த ஆட்டோவில்தான் முடிவு செய்தேன். கை வலியைவிட வலிக்குதா என்ற சொல்தான் என்னை அழவைத்தது. இருபத்தொன்பது வருஷக் கல்யாணத்தை ஆட்டோக்காரர் ஒரு வார்த்தையில் முடித்து வைத்தார் என்று சொன்னால் யார் நம்புவார்கள். ஆஸ்பத்திரிக்கு ருக்குமணி வந்தாள், மாவுக்கட்டு போடும்போது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பிரிஞ்சுக்கப் போறேன் ருக்கு என்று அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை, மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள்.

இரண்டாவது தடவை மருந்து விட வந்திருக்கிறாள் நர்ஸ் பெண். இமையைப் பிரிக்கிறாள், விரல் ஜில்லென்று இருக்கிறது. இன்னும் விரியலைங்கம்மா, கொஞ்ச நேரம் ஆகும் என்கிறாள். மறுபடி எரிச்சல், மறுபடி கசப்பு. ருக்குமணி என் கன்னத்தில் வழிவதைத் துடைத்துவிடுகிறாள், கைக்குட்டையில் அவள் வீட்டுச் சோப்பு வாசம். இப்படித்தான் முதல் மாதமும் வந்தாள், பாண்டியன் நகரில் லைன் வீடு பிடித்துக் கொடுத்து, ஸ்டவ்வும் இரண்டு பாத்திரமும் தூக்கிக்கொண்டு. ஏழு வீட்டுக்கு ஒரு குழாய். முதல் நாள் ராத்திரி நான் தூங்கவில்லை, பக்கத்து வீட்டில் புருஷன் பொண்டாட்டி சண்டை போடுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது, எனக்கு அது பாட்டு மாதிரி இருந்தது. இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்களே. விடிந்ததும் அந்தப் பெண்ணே வந்து அக்கா தண்ணி வந்துருச்சு, குடத்தை வைங்க என்று கதவைத் தட்டினாள். என்னை ஒருத்தி தேடி வந்து கூப்பிடுகிறாள். அந்தக் குடத்துத் தண்ணீர், அந்த வீட்டின் ஒற்றை ஜன்னல், கம்பெனியில் பதினோரு மணி டீ, சனிக்கிழமை கவரில் வருகிற சம்பளம், எல்லாவற்றுக்கும் நான் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு முன்னே பின்னே செய்திருக்கீங்களா என்று கேட்டார்கள். ஒரு பீஸைக் கையில் கொடுத்தார்கள். என் கை தானாகப் பனியனுக்குள் நுழைந்து விரிந்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கியது. இருங்க, சேர்த்துக்கறோம் என்றார்கள். அதைச் சொல்லிக் கொடுத்தது யார். கல்யாணமான இரண்டாம் வருஷம், முதல் மிஷின் வாங்கிய புதிதில், அவர்தான் என் பின்னால் நின்றுகொண்டு கையை உள்ளே விடு, விரலை விரி, வெளிச்சத்துக்கு நேரே புடி, ஓட்டை தானா வந்து உங்கிட்டச் சொல்லும் என்று சொன்னார். சொன்னார், வாயைத் திறந்து. அப்போதெல்லாம் பேச்சு நிற்காது, ராத்திரி மிஷின் நின்ற பிறகும் பேசிக்கொண்டிருப்பார். இன்றைக்கு நான் சாப்பிடுகிற சோறு அந்த மனுஷன் கற்றுக் கொடுத்ததில் வருகிறது. இதை யாரிடமாவது சொன்னால் அப்புறம் ஏன் விட்டுட்டு வந்தே என்பார்கள். இரண்டும் உண்மைதான் என்று எப்படி விளக்குவது. அவருக்கு நன்றியும் இருக்கிறது, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாது என்பதும் இருக்கிறது.

ஆனால் இவளுக்கு. இவளுக்கு என்ன சொல்வது, எப்படிச் சொல்வது. அன்றைக்குக் கவுன்சலிங் அறையில் அவள் பேசிய பிறகு அவர் அவளிடமும் பேச்சை நிறுத்திவிட்டார். எனக்குக் கிடைத்தது அவளுக்கும் கிடைத்துவிட்டது. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு அண்ணன் வீடுதான் பொறந்த வீடு. வருஷா வருஷம் ஆடி நோம்பிக்கு அவளும் மாப்பிள்ளையும் பெருமாநல்லூரிலிருந்து வருவார்கள், நான் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுடுவேன், போகும்போது பொறந்த வீட்டுச் சீராகச் சேலை வைத்துக் கொடுப்போம். அவர் என்னிடம் பேசாத வருஷங்களிலும் அது நிற்கவில்லை. இப்போது மூன்று வருஷமாக ஆடிக்கு அவள் எங்கேயும் போவதில்லை. அவள் மாமியார் ஜாடையாகக் கேட்டாளாம், உனக்கு அண்ணன் இருக்கானா இல்லையா என்று. என்னிடம் இதை அவள் சொல்லவில்லை, சுகந்தி சொல்லித் தெரிந்தது. ருக்குமணி ஒரு தடவைகூட உங்களால்தான் என்று சொன்னதில்லை, பார்வையில்கூட இல்லை. நன்றி என்று சொன்னால் அசலூர்க்காரி மாதிரி இருக்கும், அவள் சிரித்துவிடுவாள். பன்னிரண்டு பவுனுக்குப் பதிலாக நான் எதைக் கொடுப்பேன். அவளுடைய பொறந்த வீட்டை எடுத்து எனக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சில ராத்திரிகளில் தோன்றும். தோன்றினால் எழுந்து தண்ணீர் குடிப்பேன். கண் போய்விட்டால் இவளைத்தான் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும், அப்போது கடன் இன்னும் ஏறும், ஏறட்டும், இல்லை ஏறக் கூடாது, சாமி, கண்ணை மட்டும் விட்டுவிடு.

பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ருக்குமணி முழங்கையைப் பிடித்து எழுப்புகிறாள். கண்ணைத் திறந்தால் எல்லாம் பாலில் விழுந்த மாதிரி இருக்கிறது, வெளிச்சம் மட்டும் பெரிதாக இருக்கிறது. இருட்டு அறை, மோவாயை வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு மிஷின். டாக்டர் பெண்பிள்ளைதான். மேலே பாருங்க, கீழே, என் காதைப் பாருங்க என்கிறாள். விளக்கு கண்ணுக்குள் நுழைந்து பின்னந்தலைவரை போகிறது. அவள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பேசாமல் இருக்கிறவர்கள் என்றால் எனக்குப் பயம். சொல்லிவிடு, எதுவானாலும் சொல்லிவிடு. அம்மாவுக்கு நரம்பு போச்சுன்னு சொன்னீங்கல்ல, உங்களுக்கு நரம்பு நல்லா இருக்கு என்கிறாள். இடது கண்ணில் புரை ஆரம்பம்தான், ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இருக்கு, பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை. இந்தக் கண்ணாடி எத்தனை வருஷமாப் போட்டிருக்கீங்க. ஏழு வருஷம் என்றேன். அதுதான், மாத்துங்க என்றாள். செக்கிங் வேலை செய்யலாமா என்று கேட்டேன். தாராளமா, இன்னைக்கு மட்டும் வேண்டாம் என்றாள். நான் எழுந்து கும்பிட்டேன். அவள் முகம் தெரியவில்லை, குரல் இருந்த பக்கமாகக் கும்பிட்டேன். ருக்குமணி பின்னால் மூக்கை உறிஞ்சினாள்.

வெளியே வெயில் கொளுத்துகிறது. தார் ரோடே வெள்ளையாக இருக்கிறது, பஸ்களும் ஆட்களும் ஓரம் கரைந்து போகிறார்கள். ருக்குமணி தன் சேலைத் தலைப்பை என் நெற்றிக்கு மேலே பிடித்துக்கொண்டு நடக்கிறாள், நிழல் என் கண்வரை விழுகிறது, அவள் தலை வெயிலில் கிடக்கிறது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம். கண்ணாடிக் கடை பக்கத்துலயே இருக்குது, சனிக்கிழமை போலாமுங்களா என்கிறாள். போலாம் என்கிறேன்.

"ருக்கு, ஆடி நோம்பிக்கு நீயும் மாப்பிள்ளையும் எங்கூட்டுக்கு வந்துருங்க."

சேலைத் தலைப்பு என் நெற்றிக்கு மேலே அப்படியே இருக்கிறது. ஒரு பஸ் வந்து நின்று போகிறது, அது எங்கள் பஸ்ஸா என்று எனக்குத் தெரியாது, அவளும் ஏறவில்லை.

"அந்த லைன் ஊட்டுல எடம் எங்கீங்க நங்கை இருக்குது" என்கிறாள் கடைசியில்.

"நீயும் நானும் உள்ள படுத்துக்கலாம். மாப்பிள்ளைக்கு மொட்டை மாடில பாய் போட்டரலாம். கச்சாயம் சுடறேன்."

"வெல்லம் நான் வாங்கியாறேன்."

"வாரப்ப நீ ஒண்ணும் கொண்டாரக் கூடாது" என்கிறேன். "போறப்பத்தான் கொண்டு போகோணும்."

அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். மருந்து விட்ட கண்ணுக்கு ஒரு வெளிச்சமான வட்டம்தான் தெரிந்தது. எங்கூட்டுக்காரருக்கு மாடியில் கொசு கடிக்குமே, வலை இருக்குதுங்களா என்று அந்த வட்டம் கேட்டது.